இட்டேரிகளைக் காக்க ஒரு சைக்கிள் தடம்

பனியன் ஊரைச் சுற்றிலும் மண்பாதைகள் கிடக்கின்றன. பிரான்ஸின் நெசவு ஊர்கள் நூறாண்டுக்கு முன்பே கண்டுகொண்ட செல்வம் அது. நாமும் கண்டுகொள்ள வேண்டிய நேரம் இது.

வாரத்தில் ஆறு நாளும் திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஓயாது. ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்று பவர் டேபிள்கள் இரவு வரை ஓடும். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் ஊர் மூச்சு விடும். ஞாயிறு விடியும்போது அவிநாசி சாலையிலும் பல்லடம் சாலையிலும் சரக்கு வண்டிகளின் நெரிசல் இருக்காது. அந்த நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எந்தத் திசையில் கிளம்பினாலும், ஒரு மணி நேரத்துக்குள் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிவிடலாம். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதிக்குத் தலைநகரான ஊர் ஒன்று, இவ்வளவு அருகில் இவ்வளவு மண்பாதைகளை வைத்திருப்பது பெரிய கொடுப்பினை.

உலகின் வேறு மூலைகளில் இப்படிப்பட்ட பாதைகளுக்காகவே ஒரு விளையாட்டு வளர்ந்திருக்கிறது. 'கிராவல் சைக்கிளிங்' என்பது அதன் பெயர். பந்தய சைக்கிளைப் போல வளைந்த ஹேண்டில்பார், அதைவிட அகலமான டயர், சரளையிலும் செம்மண்ணிலும் வழுக்காத பிடிப்பு, மேடேற இலகுவான கியர் ஆகியவற்றைக் கொண்ட வண்டியில் கிராமத்துப் பாதைகளைத் தேடிப் போகும் சவாரி அது. 2022இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் இதற்கு முதல் உலக சாம்பியன்ஷிப் போட்டியும் நடந்தது. பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்கள், வாய்க்கால் கரைகள், மலையோர ஊர்கள் வழியே செல்லும் தடங்களுக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள்.

அந்த பிரெஞ்சுத் தடங்களின் கதையை விசாரித்தால், அது திருப்பூர்க்காரருக்கு அந்நியமான கதையாக இல்லை. அதன் தொடக்கமே நெசவு ஊர்களில்தான் இருக்கிறது.

நாடா வியாபாரியும் நூல் மில் முதலாளிகளும்

பிரான்ஸின் நடுப்பகுதியில் உள்ள சென்ட் எத்தியென் நகரம் பட்டு நாடாவுக்குப் பேர்போனது. போல் த விவி என்ற பட்டு வியாபாரி அங்கேதான் தொழில் செய்தார். 1853இல் பிறந்த அவர், 1880களில் சைக்கிள் மீது கொண்ட காதலால் பட்டுத் தொழிலை விட்டுவிட்டு சைக்கிள் கடை வைத்தார். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் சைக்கிளுக்கென்றே பத்திரிகை நடத்தினார். ஓடும்போதே கியர் மாற்றும் அமைப்பு வேண்டும், மேட்டுச் சாலைக்குச் சின்ன கியர் வேண்டும், ஒடுங்கிய டயரைவிட அகலமான டயர் கரடுமுரடான பாதைக்கு நல்லது என்று வாழ்நாள் முழுவதும் எழுதினார், ஓட்டியும் காட்டினார். பந்தயத்துக்காக ஓட்டாமல் நாட்டைப் பார்ப்பதற்காக ஓட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. பசிக்கும் முன்பே உண்ண வேண்டும், தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும் என்பது அவர் கொடுத்த அறிவுரை. 1930இல் அவர் இறந்தபோது, பிரெஞ்சு சைக்கிள் பயணத்தின் தந்தை என்று அந்நாடு அவரைக் கொண்டாடியது.

வடக்கே பெல்ஜியம் எல்லையில் இருக்கும் ரூபே கம்பளி நூற்பாலைகளின் ஊர். தியோடர் வியேன், மோரிஸ் பெரஸ் என்ற இரு நூல் மில் முதலாளிகள் தங்கள் ஊரில் ஒரு சைக்கிள் ஓட்டக்களம் கட்டினார்கள். அதைப் பலரும் அறிய வேண்டும் என்று 1896இல் பாரிஸிலிருந்து ரூபே வரை ஒரு பந்தயம் ஏற்பாடு செய்தார்கள். இன்றும் ஒவ்வொரு வசந்த காலத்திலும் நடக்கும் பாரிஸ்-ரூபே பந்தயம் அதுதான். 250 கிலோமீட்டருக்கும் கூடுதலான அந்த ஓட்டத்தில், கருங்கல் பாவிய வயல் பாதைகள் மட்டும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வரும்.

அந்தக் கல்பாதைகளுக்கும் அழிவு வந்தது. 1960களில் ஊருக்கு ஊர் தார் போட்டார்கள். கரடுமுரடான பாதை இருப்பது ஊருக்குக் கேவலம் என்று மேயர்கள் நினைத்த காலம் அது. பந்தயத்துக்குப் பாதை கிடைக்காமல் போகும் நிலை வந்த பிறகே மக்கள் விழித்தார்கள். 1980களின் தொடக்கத்தில் 'பாரிஸ்-ரூபே நண்பர்கள்' என்ற அமைப்பு உருவானது. பெயர்ந்த கற்களைத் திரும்பப் பதிப்பது, சேற்றை வாருவது, உள்ளூராட்சிகளிடம் பேசித் தடங்களைக் காப்பது ஆகியவை அதன் வேலை. ரூபேயின் பெரும் ஆலைகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆலைச் சங்கு அடங்கிப் போன அந்த ஊரின் பெயரை உலகம் இன்றும் உச்சரிக்கக் காரணம், காப்பாற்றி வைத்த அந்தக் கல்பாதைகள்தான்.

மேற்கே பிரிட்டனி பகுதியில் இன்னொரு பந்தயம் உண்டு. 'த்ரோ ப்ரோ லெயோன்' என்று பெயர். பண்ணைகளுக்கு இடையே ஓடும் மண்பாதைகளில் 1984 முதல் நடக்கிறது. பிரெத்தோன் தாய்மொழியில் பாடம் நடத்தும் பள்ளிகளுக்கு நிதி திரட்டவே அதைத் தொடங்கினார்கள். அந்த வட்டாரத்து வீரர்களில் முதலாவதாக வருபவருக்கு ஒரு பன்றிக்குட்டியைப் பரிசாகக் கொடுப்பார்கள். தடம், மொழி, பண்ணை மூன்றையும் ஊரார் சேர்த்தே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் காலடியில் உள்ளவை

கொங்கு நாட்டின் மண்பாதைகளில் முதலாவதாகச் சொல்ல வேண்டியது இட்டேரி. இரு பக்கமும் காட்டு வேலிகள் நிற்க, நடுவே ஒரு மாட்டுவண்டி போகும் அகலத்தில் ஓடும் தடம் அது. தோட்டத்திலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து கோயிலுக்கும் சந்தைக்கும் தலைமுறை தலைமுறையாக ஆட்களும் ஆடுமாடுகளும் போய்வந்த வழி. வேலி என்றால் கம்பிவேலி இல்லை, உயிர்வேலி. கிளுவையும் கள்ளியும் சங்கஞ்செடியும் பின்னிப் பிணைந்து நிற்கும். மேலே கோவைக்கொடியும் பிரண்டையும் படரும். இடையிடையே வேம்பு, வெள்வேல், ஊஞ்சை. கௌதாரிக்கும் காடைக்கும் கீரிக்கும் உடும்புக்கும் அதுதான் வீடு. மழை பெய்தால் இட்டேரியே ஓடையாகித் தண்ணீரைக் குட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். காலையில் சைக்கிளில் அதற்குள் நுழைந்தால் வெயில் தெரியாது. எதிரே மயில் வந்து நின்றாலும் வியப்பில்லை.

அடுத்தது வாய்க்கால் கரை. வடக்கே கீழ்பவானி, தெற்கே பரம்பிக்குளம்-ஆழியாறு. பாசனக் கால்வாயின் கரையில், அதிகாரிகளின் ஜீப்பும் கரைக் காவலரின் மொபெட்டும் போவதற்கென்று மண்பாதை போட்டிருப்பார்கள். நீர் ஓட்டத்துக்கு ஏற்ப வெட்டியது என்பதால் வாய்க்கால் கரையில் மேடு பள்ளம் மிகக் குறைவு. தெற்கு பிரான்ஸில் 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய 240 கிலோமீட்டர் மிதி கால்வாயின் கரையில் இன்று ஐரோப்பா முழுவதும் வந்து சைக்கிள் ஓட்டுகிறது. 1996இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நம் கீழ்பவானி பிரதான வாய்க்கால் மட்டும் 200 கிலோமீட்டர் நீளம்.

மூன்றாவது, ஊர்களை இணைக்கும் சரளைச் சாலைகளும் வண்டித்தடங்களும். திருப்பூர், காங்கயம், தாராபுரம் வட்டாரத்து மண் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும் கலந்தது. மழை விட்ட மறுநாளே காய்ந்து இறுகிவிடும். சைக்கிளுக்கு இதைவிட நல்ல தரை கிடையாது. சில பகுதிகளில் கரிசல் உண்டு. மழைக்காலத்தில் அதில் இறங்கினால் சக்கரம் சுற்றாது. சைக்கிளைத் தோளில் தூக்கி வர வேண்டியதுதான்.

குமரன் தடம்

முதல் தடத்துக்கு நான் முன்வைக்கும் பெயர் 'குமரன் தடம்'. திருப்பூர் ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள கொடிகாத்த குமரன் நினைவிடத்தில் தொடங்கி, 1904இல் அவர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சென்னிமலையில் முடியும். ஊர்களைச் சுற்றி உள்வழிகளில் போனால் ஐம்பது கிலோமீட்டர் அளவில் வரும். 1932 ஜனவரியில் போலீஸ் தடியடியில் வீழ்ந்து உயிர்விட்ட அந்த இளைஞனின் இரு ஊர்களுக்கும் இடையே கொங்கு நாட்டின் ஈராயிரம் ஆண்டு வரலாறு கிடக்கிறது.

ஊரைத் தாண்டியதும் நஞ்சராயன் குளம். ஊத்துக்குளி சாலையை ஒட்டி, சர்க்கார் பெரியபாளையம் பக்கத்தில், சுமார் 125 ஹெக்டேரில் விரிந்திருக்கிறது. தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. மார்கழி, தை மாதங்களில் இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளை இங்கே பார்க்கலாம். சாயப்பட்டறைகளின் ஊருக்கு இத்தனை பக்கத்தில் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற நீர்நிலை ஒன்று இருப்பதைத் திருப்பூர் பிள்ளைகள் எல்லோரும் நேரில் பார்த்திருக்க வேண்டும். சைக்கிளில் போவதற்கு ஏற்ற தூரம்தான்.

அங்கிருந்து ஊத்துக்குளி. வெண்ணெய்க்குப் பேர்பெற்ற ஊர். குன்றின் மேல் கதித்தமலை முருகன் கோயில். பிறகு தென்கிழக்கே நொய்யலை நோக்கி உள்வழிகளில் இறங்கினால் ஆற்றின் வடகரையில் கொடுமணல் வரும். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று பேசப்படும் ஊர் இது. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. இரும்பு உருக்கிய உலைகள், நீலக்கல், பெரில், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றை மணிகளாக அறுத்துக் கோத்த பட்டறைகள், தமிழ் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் வெளிவந்தன. நூல் நூற்கும் சுடுமண் தக்களிகளும் கிடைத்தன. சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கருவூருக்குப் போன பெருவழியில் இருந்த ஊர் இது. இன்று பஞ்சும் நூலும் துணியும் கன்டெய்னரில் ஏறிக் கடல்கடந்து போகும் இதே வட்டாரத்திலிருந்து, அன்று மணிகள் வண்டியிலும் பொதிமாட்டிலும் ஏறி ரோம் வரை போயின. அந்தப் பெருவழி போன திசையிலேயே சைக்கிள் ஓட்டுகிறோம் என்ற நினைப்பு சவாரிக்குக் கனம் சேர்க்கிறது.

கொடுமணலை விட்டுச் சற்றுத் தூரம் போனால் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த அணை இது. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் இறங்கி இதற்குள் தேங்கியது. கிணறுகள் உப்பாயின, தென்னைகள் காய்ந்தன, மீன்கள் செத்து மிதந்தன. விவசாயிகள் நீண்ட சட்டப் போராட்டம் நடத்தினார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்குப் பிறகு கழிவைத் துளிகூட வெளிவிடாமல் சுத்திகரித்து, தண்ணீரைத் திரும்பவும் பயன்படுத்தும் முறைக்குத் தொழில் மாறியது. சைக்கிள் தடம் அழகான இடங்களை மட்டும் தொட்டுச் செல்லக் கூடாது. பனியன் தைத்துப் பிழைக்கும் ஊர் என்ன விலை கொடுத்தது, யார் அந்த விலையைக் கொடுத்தார்கள் என்பதை இந்த அணைக்கரை சொல்கிறது. திருப்பூரில் தொழில் செய்பவர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இங்கே வந்து நிற்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடைசிக் கட்டம் சென்னிமலை. பெட்ஷீட், போர்வை நெய்யும் கைத்தறி ஊர். மலை மேல் முருகன். திரும்பி வர ஈங்கூரிலும் ஊத்துக்குளியிலும் ரயில் நிலையங்கள் உண்டு.

மேய்ச்சல் நிலத்தின் வழி

இரண்டாவது தடம் காங்கயத்தைச் சுற்றிய ஒரு வட்டம், நாற்பது கிலோமீட்டர் அளவில். திருப்பூரிலிருந்து காங்கயம் போகும் வழியில் படியூர் வரும். கொடுமணல் பட்டறைகளுக்குப் பெரில் கல் கிடைத்த இடம் என்று தொல்லியலாளர்கள் சொல்லும் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரும் இங்கே தோண்டினார்கள். அடுத்து சிவன்மலை. பக்தர் கனவில் வந்து சொல்லும் பொருளை 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி'யில் வைத்து வணங்கும் வழக்கம் உள்ள கோயில். காங்கயத்தைச் சுற்றிக் கொப்பரை காயும் களங்களும் எண்ணெய் ஆலைகளும் அரிசி ஆலைகளும்.

இந்த வட்டத்தின் உயிர் கொறங்காடுதான். உழவுக்குப் போதுமான மழை இல்லாத மண்ணில் கொங்கு விவசாயிகள் கண்ட மேய்ச்சல் முறை அது. சில ஏக்கர் நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். அங்கங்கே வெள்வேல மரம். மரத்தின் நெற்றும் மாட்டுக்குத் தீவனம், நிழலும் மாட்டுக்கு. வேலி இருப்பதால் மேய்ப்பவர் நாள் முழுவதும் கூடவே நிற்க வேண்டியதில்லை. ஒரு காட்டை மேயவிட்டு இன்னொன்றைத் தழைக்கவிடலாம். காங்கயம் காளை வளர்ந்தது இந்தப் புல்லில்தான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்துப் பெயர் வாங்கித் தந்தது. குட்டப்பாளையத்தில் உள்ள சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இன்று அந்தப் பணியைச் செய்துவருகிறது. பழையகோட்டையில் ஞாயிறுதோறும் மாட்டுத் தாவணி கூடும். காலையில் கிளம்பினால் தாவணியையும் பார்த்துவிட்டு வெயில் ஏறும் முன் திரும்பலாம்.

இங்கே சைக்கிள்காரர் ஒழுக்கம் ஒன்று உண்டு. கொறங்காட்டின் வாயில் முள்ளும் குச்சியும் கொண்டு கட்டிய படல் இருக்கும். நிலத்துக்காரரைக் கேட்காமல் அதைத் திறக்கக் கூடாது. கேட்டுத் திறந்தால் மறக்காமல் மூட வேண்டும். மூடாமல் போனால் அடுத்தவர் வயலில் மாடு இறங்கும், ஊரில் வீண் வழக்கு வரும். மாடு எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். தடத்தில் முதல் உரிமை அதற்குத்தான்.

கரையோரம்

மூன்றாவதாக வாய்க்கால் கரைகள். திருமூர்த்தி அணையிலிருந்து புறப்படும் பரம்பிக்குளம்-ஆழியாறு பிரதான கால்வாய் 124 கிலோமீட்டர் ஓடி வெள்ளகோவில் பக்கம் கடைமடையைத் தொடுகிறது. உடுமலை, பொங்கலூர், காங்கயம் பகுதிகளின் தென்னையும் மக்காச்சோளமும் இதன் தண்ணீரில் விளைபவை. பாசனப் பரப்பை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். எந்த மண்டலத்துக்கு எப்போது தண்ணீர் என்று தெரிந்துகொண்டு போனால், நீர் நிறைந்தோடும் கரையோரமாக மலையைப் பார்த்தபடி ஓட்டலாம். கரை முழுவதும் அரசின் நீர்வளத் துறைக்கு உரியது. தடுப்பு போட்டிருக்கும் இடத்தில் நுழையக் கூடாது. கால்வாய் ஆழமானது, இழுப்பு வேகமானது. சிமென்ட் சரிவில் கால் வழுக்கினால் பிடிக்க எதுவும் இருக்காது. குளிப்பதும் இறங்குவதும் வேண்டவே வேண்டாம். இருட்டில் கரையில் ஓட்டக் கூடாது.

வடக்கே கீழ்பவானி. 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த பவானிசாகர் அணையின் பிரதான வாய்க்கால் இது. ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் இதை நம்பியிருக்கிறது. வழக்கமாக ஆகஸ்ட் 15 அன்று நெல்லுக்குத் தண்ணீர் திறப்பார்கள். பெருந்துறை, சென்னிமலை வட்டாரத்தில் கரையோரம் வேம்பும் பனையும் புளியும் நிழல் தருகின்றன. இதன் பாசனப் பரப்பில் இருக்கும் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

இந்த வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளமும் சுவரும் அமைக்க அரசு 709.60 கோடி ரூபாய்க்குத் திட்டம் தீட்டியபோது விவசாயிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச்சேர வேண்டும் என்பது ஒரு தரப்பின் நியாயம். மண் வாய்க்காலின் கசிவுநீர்தான் எங்கள் கிணறுகளையும் குளங்களையும் நிரப்புகிறது, கரை மரங்களை வாழவைக்கிறது என்பது மறுதரப்பின் நியாயம். தண்ணீர்ப் பங்கீட்டை விவசாயிகளும் அரசும் பேசித் தீர்க்கட்டும். எந்த முடிவானாலும் கரைப்பாதை மண்ணாகவும் மரங்களோடும் இருக்க வேண்டும் என்று கேட்க, கரையில் நடக்கிற, ஓட்டுகிற எல்லோருக்கும் உரிமை உண்டு.

எந்த சைக்கிள், எந்தக் காலம்

கிராவல் சைக்கிள் விலை அதிகம். லட்சத்தைத் தாண்டும் வண்டிகள் உண்டு. அதை நினைத்துத் தயங்க வேண்டியதே இல்லை. இன்று கிராவல் வண்டிகளுக்குப் பரிந்துரைக்கும் டயர் அகலம் 38 முதல் 45 மில்லிமீட்டர். நம் தாத்தாக்கள் பால்கேனையும் புல்லுக்கட்டையும் கட்டிப்போன 28 அங்குலச் சக்கர சைக்கிளின் டயர் அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். வெலோசியோ வாதாடிய அகல டயர் இந்த வட்டாரத்து மண்ணில் பல தலைமுறைகளாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காங்கயம் வட்டாரம் பெரும்பாலும் சமதரை என்பதால் கியர் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் கொடுத்த சைக்கிள் வீட்டில் நின்றால் அதுவே போதும். பிரேக் கட்டையும் செயினும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

காற்றைக் கல்போல அடைக்கக் கூடாது. தார் ரோட்டுக்கு அடைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்தால் சரளையில் அதிர்வு குறையும், பிடிப்பு கூடும். மிகவும் குறைத்தால் கல்லில் மோதி ட்யூப் கிழியும். நம் தடங்களின் முதல் எதிரி முள். சீமைக் கருவேல முள் டயரைத் துளைத்து நேரே போகும். நெருஞ்சி அதைவிட மோசம், எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்த்து நிற்கும். அமெரிக்க சைக்கிள்காரர்களும் அஞ்சும் முள் இது. இட்டேரிக்குள் பங்ச்சர் கடை இருக்காது. மாற்று ட்யூப், ஒட்டுவதற்கான பசை, கைப்பம்பு மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை ஐப்பசி கடைசியிலிருந்து மாசி வரை நல்லது. பங்குனி, சித்திரை வெயிலில் விடியுமுன் கிளம்பி ஒன்பது மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கும் நமக்கு அனுபவ உண்மை. உடுமலை, பல்லடம், தாராபுரம் காடுகளில் அத்தனை காற்றாலைகள் நிற்கக் காரணமும் அதே காற்றுதான். ஆனி முதல் ஆவணி வரை, தெம்பாக இருக்கும் காலை நேரத்தில் மேற்கு நோக்கிப் போய், களைத்துத் திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்ளும்படி தடத்தை அமைப்பது அறிவு. வழியில் இளநீர் கிடைக்கும், கம்மங்கூழ் கிடைக்கும். பனைமரக் காடுகளின் பக்கம் பருவத்தில் தெளுவும் கிடைக்கும். அவற்றை அங்கேயே வாங்கிக் குடிப்பதுதான் அந்த ஊர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

தடம் எப்படி மறைகிறது

இட்டேரிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. கிளுவை வேலியை ஆண்டுதோறும் கழித்துவிட ஆள் கிடைப்பதில்லை. கூலியும் கட்டுப்படியாவதில்லை. பொக்லைன் வைத்து ஒரே நாளில் பிடுங்கி எறிந்து கம்பிவேலி போட்டுவிடுகிறார்கள். வேலியைப் புதிதாகப் போடும்போது இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி என்று தடம் ஒடுங்குகிறது. காடு சைட்டாக மாறும்போது வரைபடத்தில் இருந்த தடம் மனைக்குள் போய்விடுகிறது. வண்டி மாடு போன பிறகு இந்த வழியில் யார் போகிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படைக் காரணம். ஆள் நடமாட்டம் இல்லாத பொதுவழி சீக்கிரமே யாருக்கோ சொந்தமாகிவிடும்.

பிரான்ஸும் இதே இழப்பைக் கண்ட நாடு. 1950க்குப் பிறகு நிலங்களை ஒன்றுசேர்த்துப் பெரும் பண்ணைகளாக்கியபோது, தன் உயிர்வேலிகளில் பெரும்பகுதியை அது அழித்தது. அதன் தீமை உணர்ந்த பிறகு சட்டத்தின் துணையைத் தேடியது. 1983இல் வந்த ஒரு சட்டம், நடைவழிகளையும் கிராமத் தடங்களையும் மாவட்ட அளவில் பட்டியலிட வழி செய்தது. பட்டியலில் ஏறிய தடத்தை உள்ளூராட்சி விற்க வேண்டுமானால், அதன் தொடர்ச்சி அறுபடாமல் காக்கவோ மாற்றுவழி தரவோ வேண்டும். இல்லையென்றால் அந்த விற்பனையே செல்லாது. இன்று அங்கே சைக்கிளில் போகிறவர் அனுபவிக்கும் சுகத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட காகித வேலை இருக்கிறது.

நம்மிடமும் காகிதம் இருக்கிறது. வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டிலும் புலப்படத்திலும் 'வண்டிப்பாதை', 'பாதை புறம்போக்கு' என்று பல தடங்கள் பதிவாகியிருக்கின்றன. ஒரு ஊராட்சியில் நான்கு இளைஞர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு அந்தப் பதிவுகளைப் பார்த்து, சைக்கிளில் போய் ஒவ்வொரு தடத்தையும் செல்போனில் பதிந்து வந்தால், அந்த ஊரின் பொதுவழிகள் எவை, எது அடைபட்டிருக்கிறது என்பது வெளிச்சத்துக்கு வந்துவிடும். அந்தப் பட்டியலை கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலான சபை கூடும் நாட்கள் எல்லோரும் அறிந்தவை. அடைபட்ட வழிக்கு ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியில் மனு கொடுக்கலாம்.

தார் ரோடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸும் பள்ளிப் பேருந்தும் போக நல்ல சாலை வேண்டும். ஆனால் ஊருக்குப் போகும் சாலை ஒன்று இருக்கும்போது, தோட்டங்களுக்கு இடையே ஓடும் இட்டேரி மண்ணாகவே இருக்கட்டும். மழையில் அரித்த இடத்தைச் சரளை கொட்டி நிரவினால் போதும். வேலியைக் கழித்துவிடும் கூலியில் ஒரு பங்கை நிலத்துக்காரருக்குக் கொடுத்தால் அவரும் கிளுவையைப் பிடுங்க மாட்டார். ஊருக்கு ஒரு கல் நட்டு, தடத்தின் பெயரையும் தூரத்தையும் பொறித்தால் வழிகாட்டியும் ஆயிற்று. இதற்கு ஆகும் செலவு ஏற்றுமதி நிறுவனங்களுக்குப் பெரிதில்லை.

திருப்பூருக்கு இப்படிப்பட்ட வேலை புதிதும் இல்லை. 2015இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' முயற்சியில் தொழில்துறையினரும் விவசாயிகளும் சேர்ந்து லட்சக்கணக்கில் மரம் நட்டு வளர்த்திருக்கிறார்கள். மரம் நடும் கைகள் தடத்தையும் காக்க முடியும். சவாரிக்கான ஜெர்சியும் பின்னலாடைதானே! செயற்கை இழை ஆடைகள் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும் இந்த ஊர், ஐரோப்பிய சைக்கிள்காரருக்குச் சட்டை தைப்பதோடு நின்றுவிடக் கூடாது. அவர் வந்து ஓட்டும் தடமும் இங்கே இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தச் சட்டையைத் தைத்த டெய்லரும் செக்கிங் அக்காவும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே உழைக்கும் இளைஞரும் ஞாயிற்றுக்கிழமை பயமில்லாமல் ஓட்டக்கூடிய தடமாக அது இருக்க வேண்டும். சைக்கிளைத் தவிர வேறு வண்டி இல்லாதவர்களும் அவர்களில் உண்டு. ஊரின் நல்ல காற்றில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

தொடக்கத்துக்குக் குமரன் தடம் ஒன்றே போதும். அதன் வழியில் வரும் ஊராட்சிகள் தங்கள் எல்லைக்குள் இருக்கும் பாதையை அடுத்த கிராம சபையில் பெயர் சொல்லித் தீர்மானமாக எழுதிவைக்கட்டும். திருப்பூர், சென்னிமலை சைக்கிள்காரர்கள் மாதம் ஒரு ஞாயிறு அதில் ஓட்டட்டும். பள்ளிப் பிள்ளைகளைக் கொடுமணலுக்கும் நஞ்சராயன் குளத்துக்கும் அழைத்துப் போகட்டும். சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும் தடத்தை யாரும் வேலி போட்டு அடைத்துவிட முடியாது.